மணலில் கிடக்கும் கடன்

2023 டிசெம்பர் விடுமுறையில் கல்கிசையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்து இறங்கி ரயில் பாதையைக் கடந்தால் கடற்கரை. பின்னேரங்களில் மருமகனைக் கூட்டிக்கொண்டு மணலில் நடப்பது வழக்கமாகிவிட்டது. எட்டாம் தரத்தில் படிக்கிறான். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குகிற வயது.

ஒரு நாள் கைநிறைய மணலை அள்ளி வந்து காட்டினான். மணலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சின்ன மணிகள். முதலில் சவ்வரிசி என்றுதான் நினைத்தேன். விரலால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. சிலது மஞ்சள் பாரித்திருந்தது, சிலது தீயில் வாட்டியதுபோல் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அவன் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு கையளவு மணலில் இருபத்து மூன்று.

பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சிங்களத்தில்தான் பேசினார். “அது அந்தக் கப்பலுடையது, மஹத்தயா. கடல் குமுறுகிற காலத்தில் புதிதாக வரும். பிறகு மணல் மூடிவிடும். போனது என்று நினைப்போம், திரும்ப வரும்.” அதைச் சொன்ன விதத்தில் கோபம் எதுவும் இல்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

மருமகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “மாமா, இது யார்ட சாமான்?”

“கப்பல்காரன்ட சாமான்” என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு அது போதவில்லை. “அப்ப ஏன் அவங்க வந்து எடுக்கல்ல?” என்றான். இருபத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். பிள்ளைகளின் கேள்விக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிற வித்தை கைவந்த தொழில். அன்றைக்கு அது உதவவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் நான் நடந்த தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் கதை நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எக்ஸ்-பிரஸ் பேர்ள். சிங்கப்பூர்க் கொடி பறந்த புத்தம் புதுக் கப்பல், 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் ஓட ஆரம்பித்தது. 1486 கொள்கலன்களோடு வந்தது. அவற்றில் ஒன்றில் இருந்த நைத்திரிக் அமிலம் கசிவதை மே 11ஆம் திகதியே கண்டுவிட்டார்கள். கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அந்தக் கொள்கலனை இறக்கக் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் முடியாது என்றார்கள். கசிவோடேயே கொழும்புக்கு வந்தது. மே 20இல் தீப்பிடித்தது, 25இல் வெடித்தது, ஜூன் 2இல் இழுத்துச் செல்லும்போது பின்பகுதி கடலடியில் தட்டியது. நாடு முழுக்கப் பயணத்தடையில் பூட்டிக்கிடந்த நாட்கள் அவை. நாம் வீட்டுக்குள் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் புகையைப் பார்த்தோம்.

அதற்குள் இருந்தது ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்டிக் மணிகள். உலகத்தில் பதிவான இவ்வகைச் சிதறல்களில் இதுவே பெரியது என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொன்னது. கணக்குப் பாட ஆசிரியனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதையும் பெருக்கிப் பார்ப்பான். ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 40,000. தொன்னுக்கு 4 கோடி. 1680 தொன்னுக்கு 6720 கோடி. எல்லாம் கடலில் சேரவில்லை, எரிந்ததும் உண்டு, தொண்டர்களும் படையினரும் பொறுக்கி எடுத்ததும் உண்டு. என்றாலும் மருமகனின் இருபத்து மூன்றை அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

இனி அவனுடைய கேள்விக்கு வருகிறேன். இது யாருடைய சாமான்?

கொள்கலனுக்குள் இருந்தபோது ஒவ்வொரு மணிக்கும் சொந்தக்காரர் இருந்தார். செய்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், ஏற்றியவர் ஒருவர், காப்புறுதி செய்தவர் ஒருவர். பற்றுச்சீட்டு இருந்தது, நிறை இருந்தது, விலை இருந்தது. ஒரு மூட்டை குறைந்திருந்தால் கடிதம் பறந்திருக்கும். அதே மணி கடலில் விழுந்து கல்கிசை மணலில் ஒதுங்கியதும் அநாதையாகிவிட்டது. சரக்காக இருக்கும்வரை சொந்தம் கொண்டாட நாலு பேர், குப்பையானதும் தந்தை பெயர் தெரியாத பிள்ளை. பெரிய கம்பனிகளின் சுற்றாடல் பொறுப்பு பற்றி எவ்வளவோ அறிக்கைகள் வருகின்றன, பளபளக்கும் தாளில், பச்சை அட்டையோடு. எனக்கென்னவோ அந்தப் பொறுப்பு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது: சரக்கு குப்பையாக மாறுகிற அந்தக் கணத்துக்குப் பிறகும் ‘இது என்னுடையது’ என்று சொல்ல ஆள் இருக்கிறாரா?

சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கப்பல்காரருக்கு ‘பொறுப்பின் எல்லை’ என்று ஒன்று உண்டு. 1976இல் லண்டனில் செய்துகொண்ட சர்வதேச உடன்படிக்கையும் 1996இல் அதற்கு வந்த திருத்தமும் சொல்வது இதுதான்: விபத்தில் எவ்வளவு நட்டம் வந்தாலும் சொந்தக்காரர் கொடுக்கவேண்டியது கப்பலின் கொள்ளளவை வைத்துக் கணக்கிட்ட ஒரு தொகை மட்டுமே. நட்டம் எவ்வளவு என்பது கேள்வியல்ல, கப்பல் எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. அவர் வேண்டுமென்றே செய்தார், அல்லது நட்டம் வரும் என்று தெரிந்தும் துணிந்து செய்தார் என்று நிரூபித்தால்தான் அந்த எல்லை உடையும். 2023 ஜூலையில் லண்டன் கடல்சார் நீதிமன்றம் பேர்ள் கப்பலுக்கு அந்த எல்லையை 1 கோடி 90 லட்சம் பவுண் என்று விதித்தது. டொலரில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. நமது நாட்டின் நிபுணர் குழு மதிப்பிட்ட நட்டம் 640 கோடி டொலர்.

இதைக் கேட்டவுடன் ‘அநியாயம்’ என்று எழுந்து நிற்பது எளிது. நானும் அப்படித்தான் எழுந்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தபோது என் மூத்தவாப்பா ஞாபகத்துக்கு வந்தார். கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் கிராமம். அவர் தோணிக்காரர்களுக்கு முதல் கொடுத்து வியாபாரம் செய்தவர். முழாரபா என்று நமது மத்ரஸாக்களில் படிப்பிக்கிற அதே முறை. முதல் இவருடையது, உழைப்பு அவருடையது, இலாபத்தில் பங்கு. நட்டம் வந்தால் முதல் போட்டவர் போட்ட முதலை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். உழைத்தவர் கவனக்குறைவாக நடந்திருந்தால் மட்டும் அவர் பதில் சொல்லவேண்டும். தோணி கவிழ்ந்தால் மூத்தவாப்பாவின் காணியும் வீடும் போகாது. அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் ஒருவரும் கடலுக்கு முதல் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் எல்லை என்பதே ஐரோப்பியக் கப்பல் முதலாளிகள் கண்டுபிடித்த தந்திரம் என்று நான் சொல்லமுடியாது. நமது சொந்த வியாபார மரபிலும் அது இருக்கிறது, நியாயமாகவும் இருக்கிறது.

ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். மூத்தவாப்பாவும் தோணிக்காரரும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டார்கள். எல்லை அவர்கள் இருவருக்கும் இடையில். தோணி போகிற வழியில் இன்னொருவனின் வலையைக் கிழித்தால் அந்த வலைக்காரனிடம் போய், ‘நானும் என் பங்காளியும் இவ்வளவுதான் என்று பேசி வைத்திருக்கிறோம்’ என்று மூத்தவாப்பா சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். வலைக்காரன் அந்தப் பாயில் உட்கார்ந்தவன் அல்லவே. கல்கிசையில் வலை தைத்த மனிதரும் சரி, சரக்குவவிலும் பமுனுகமவிலும் மாதக்கணக்காகக் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தவர்களும் சரி, லண்டனில் விரித்த பாயில் உட்கார்ந்தவர்கள் அல்லர். கடலாமை நிச்சயமாக உட்காரவில்லை. உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி செத்தவை 417 கடலாமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள்.

நமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24இல் தீர்ப்புச் சொன்னது. கப்பல் தரப்பு 100 கோடி டொலர் கொடுக்கவேண்டும், ஓராண்டுக்குள், முதல் தவணை 25 கோடி செப்டெம்பர் 23க்கு முன். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின் மேல் நின்ற தீர்ப்பு. அரச தரப்பின் தவறுகளையும் அது விட்டுவைக்கவில்லை. முதல் தவணைக்கு நாள் நெருங்கிய அதே செப்டெம்பரில் கப்பல் கம்பனியின் தலைமை அதிகாரி வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றிடம் பேசினார். நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். பணம் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். கொடுத்தால் எல்லை என்ற முறையே உடைந்துபோகும், உலகக் கப்பல் தொழிலுக்கே கெட்ட முன்னுதாரணமாகும் என்பது அவர் வாதம். சிதைவை அகற்றவும் கரையைத் துப்புரவாக்கவும் மீனவர்களுக்கு இழப்பீடாகவும் ஏற்கெனவே 17 கோடி டொலர் செலவழித்துவிட்டதாகக் கம்பனி கணக்குச் சொல்கிறது. அதையும் இங்கே பதிவதுதான் முறை. ஒன்றும் செய்யாமல் ஓடிப்போனவர்கள் என்று எழுதினால் அது பொய்யாகும்.

மன்னிப்பும் மறுப்பும் ஒரே மூச்சில் வந்த அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு மனிதன் அப்படிச் செய்தால் நாம் அதை ஏற்கமாட்டோம். நமது பள்ளிவாசல் முற்றத்துக்கே வருவோம். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நிற்பான். ‘என் வாப்பா யாருக்காவது கொடுக்கவேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு. யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.’ இரண்டு வாக்கியம். எத்தனையோ ஜனாஸாக்களில் கேட்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்து முதல் வாக்கியத்தைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்ன மகனை நான் பார்த்ததில்லை. கடன் முதலில், மன்னிப்பு பிறகு. வாரிசுகளுக்குப் பங்கு பிரிப்பது அதற்கும் பிறகு. அடியானின் ஹக்கை அடியான்தான் மன்னிக்கவேண்டும், அல்லாஹ்விடம் மட்டும் கேட்டு முடித்துக்கொள்ள முடியாது என்று சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்திருக்கிறார்கள்.

கம்பனிக்கு ஜனாஸா இல்லை. அதுதான் சிக்கல். அது சாவதில்லை, கை மாறுகிறது. 1984 டிசெம்பரில் போபாலில் யூனியன் கார்பைட் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தது. 1989இல் 47 கோடி டொலரோடு வழக்குத் தீர்க்கப்பட்டது. 2001இல் டவ் கெமிக்கல் அந்தக் கம்பனியை வாங்கியது. வாங்கியபிறகு போபாலுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவருகிறது. கூடுதல் இழப்பீடு கேட்டு இந்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தோப்பை வாங்கியவர் தேங்காயைப் பறித்துக்கொள்வார், தோப்பின் மேல் இருக்கும் கடனைக் கேட்டால் பழைய சொந்தக்காரனைப் போய்ப் பார் என்பார். பழைய சொந்தக்காரனின் கதவில் புதுப் பெயர்ப் பலகை.

உள்ளூரில் கொஞ்சம் வேறுமாதிரியும் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது. சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகள் பழுதான வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. அதற்கு முன்பே, 2000இல், எப்பாவல பொஸ்பேற் வழக்கில் நீதியரசர் அமரசிங்க பழைய கதையொன்றை ஞாபகப்படுத்தினார்: மகிந்த தேரர் தேவநம்பிய தீசனிடம், இந்த நிலத்துக்கு நீ சொந்தக்காரன் அல்ல, காவற்காரன் மட்டுமே என்று சொன்ன கதை. நமது வீடுகளில் அதற்கு அமானிதம் என்று பெயர். பக்கத்து வீட்டு உம்மா ஹஜ்ஜுக்குப் போகும்போது தந்துவிட்டுப் போன நகைப்பெட்டி மாதிரி. திருடு போய்விட்டது என்று ஒருவேளை சொல்லலாம். பூட்டாமல் வைத்தேன், ஆனால் என் பொறுப்பு ஆயிரம் ரூபாவுக்கு மேல் இல்லை என்று சொல்லமுடியுமா?

இவ்வளவும் எழுதிவிட்டு என் பக்கத்தைச் சொல்லாமல் போனால் நானும் பளபளக்கும் அறிக்கை எழுதியவனாவேன்.

2018 ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம். எங்கள் பாடசாலைக்கு ஒரு பெரிய கம்பனி வந்தது. பெயர் வேண்டாம். மூன்று வேன்களில் வந்தார்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி, பால் பைக்கற், பணிஸ். வேம்பு, மருது, நாவல் என்று 200 கன்றுகள். பதாகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். நான்தான் சுற்றாடல் கழகப் பொறுப்பாசிரியர், முன்வரிசையில் நிற்கிறேன், சிரித்துக்கொண்டு. பதினொரு மணிக்கு வேன்கள் போய்விட்டன. ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் மழை என்பது கேள்விப்படுகிற சங்கதி மட்டும். குழாய்க் கிணறு ஒன்று போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், அது வரவில்லை. நாங்களும் வாளி எடுக்கவில்லை. விடுமுறை வந்தது. வேலி இல்லாத வளவு. ஆடுகள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

அடுத்த வருடம் ஒரு படிவம் வந்தது. ‘நாட்டப்பட்ட கன்றுகளின் நிலை’ என்று ஒரு கட்டம். அதிபர் என்னிடம் நீட்டினார். “எழுதுங்க சேர், நல்லா எழுதினா மல்டிமீடியா ஒன்று தருவாங்க போலிருக்கு” என்றார். ‘200 கன்றுகளும் சிறப்பாக வளர்கின்றன’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மல்டிமீடியா வந்தது. இப்போதும் அதில்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன், மாசடைதல் பற்றிய பாடங்களையும். கம்பனி பொய் சொன்னது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்கள் என்னிடம் கேட்டார்கள், நான் எழுதிக் கொடுத்ததை அச்சடித்தார்கள். அவர்களுடைய பொறுப்பின் எல்லை அந்தப் படிவம். என்னுடையதற்கு அப்படியொரு எல்லை எந்த உடன்படிக்கையிலும் இல்லை.

மருமகனோடு மணல் அள்ளிய அந்தப் பின்னேரம் இது நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. அதனால்தான் அவனுக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

அவன் பொறுக்கிய மணிகளை ஜாம் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தான். “நானா, அதையெல்லாம் வீட்டுக்குள்ள எடுக்க வேணாமே” என்று தங்கச்சி முகம் சுளித்தாள். குப்பை வாளியில் போடலாமா என்று பார்த்தோம். நகரசபை லொறி கொண்டுபோய் எங்கே கொட்டும்? எரிக்கலாமா? அதுதான் கடலிலேயே எரிந்ததே. புதைத்தால் மண்ணுக்குள் கிடக்கும், நாங்கள் மண்ணாகிப் போன பிறகும் கிடக்கும். திரும்பக் கடலில் போட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில், “மாமா, நீங்க ஸ்கூலுக்குக் கொண்டு போங்க” என்று என் பைக்குள் வைத்துவிட்டான். அரைப் போத்தல். அன்று தங்கச்சி சந்தையிலிருந்து கொண்டுவந்த ஆறு பொலித்தீன் பைகளும் அதே மாதிரி மணிகளிலிருந்து செய்தவைதான். அவை சமையலறை ஆணியில் தொங்கின, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

போத்தல் எங்கள் விஞ்ஞான அறை அலுமாரியில் இருக்கிறது. 2025 ஜூலையில் தீர்ப்புச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று, பாடசாலை விட்டபிறகு வளவைச் சுற்றி நடந்தேன். கழகத்துப் பிள்ளைகள் நாலு பேர் கூட வந்தார்கள். எண்ணினோம். வேம்பு எட்டு, நாவல் இரண்டு, மருது ஒன்று, அதுவும் ஆடு கடித்துக் கூனிப்போய். பதினொன்று. எண்ணி முடித்து வகுப்புக்குள் வந்து அந்தக் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். 2019இல் நான் தந்த தகவல் பிழையானது, உண்மைத் தொகை இது, மீதி 189க்கும் நானும் பொறுப்பு, கிணறு பற்றி நீங்கள் சொன்னது என்ன ஆயிற்று. அதிபரிடம் காட்டினேன். இவர் புதியவர். இரண்டு தரம் வாசித்துவிட்டு, “மல்டிமீடியாவைத் திருப்பிக் கேட்டா என்ன செய்ற சேர்?” என்றார். கேட்டால் கொடுப்போம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்தத் துண்டை ஜாம் போத்தலின் மூடிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். மருமகனிடம் தொலைபேசியில் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: “பதில் வந்ததா மாமா?” இன்னும் இல்லை என்றேன். பள்ளிக்கூடத்துப் பின் கிணற்றிலிருந்து நாலு பிள்ளைகள் முறைவைத்து வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அந்தப் பதினொன்றுக்கும்.